சிமுலேஷன்ல ரஃப்னஸ் (சொரசொரப்பு) குடுத்தும் பிரஷர் டிராப் (அழுத்த இழப்பு) ஏறவே மாட்டேங்குது, எங்க இடிக்குது?

நிபோங்_தெபால்_பையன்:
அண்ணன்மாரே அக்காமாரே, ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு 50 மிமீ ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) பைப்புல தண்ணி விட்டு பாத்துக்கிட்டு இருக்கேன், வேகம் நொடிக்கு 2 மீட்டர். லேப்ல மீட்டருக்கு 1.1 கிலோபாஸ்கல் காட்டுது, சிமுலேஷன்ல 0.7 தான் வருது, அது வழவழன்னு இருக்குற பைப்புக்கு வர்ற நம்பர். ரஃப்னஸ் 0.15 மிமீ குடுத்துட்டேன், கொந்தளிப்புக்கு கே-எப்சிலான் மாடல், வால் ஃபங்ஷன் (சுவரோரத்துக்கு போடுற ரெடிமேட் ஃபார்முலா) ஆன்ல இருக்கு, மெஷ்ஷையும் (கணக்குக்காக பைப்பை வெட்டுற குட்டி செல்லுங்க) நல்லா நைஸாக்கி முதல் செல்லோட ஒய் பிளஸ்ஸை (சுவர்ல இருந்து இருக்குற தூரத்தை ஓட்டத்தை வச்சு அளக்குற எண்) 1க்கு கொண்டு வந்துட்டேன், அப்பவும் அசையல. சுப்பர்வைசர் லேப் ரீடிங்தான் தப்புங்கிறாரு.

பிறை_பைப்காரன்:
லேப் சரிதான் தம்பி. ரெனால்ட்ஸ் நம்பர் (ஓட்டம் எவ்வளவு கொந்தளிப்புன்னு காட்டுற எண்) 1,25,000 கிட்ட வருது, 0.15ஐ 50ஆல வகுத்தா 0.003, மூடி சார்ட்ல (பைப் உராய்வை பாக்குற வரைபடம்) ஃபிரிக்‌ஷன் ஃபேக்டர் 0.027, போட்டு பாரு லா, அதே 1.1 வரும்.
நைஸ் மெஷ்தான் வில்லங்கமே. உன் ஓட்டத்துல ஒரு ஒய் பிளஸ்னா 0.007 மிமீ, சொரசொரப்பு உயரமோ 0.15, அதாவது ஏறக்குறைய 22 ஒய் பிளஸ். முதல் செல் மேட்டுக்கு நடுவுல புதைஞ்சு கெடக்கு, மரத்தடியில நின்னுக்கிட்டு காத்து வேகம் அளக்குற மாதிரி. வால் ஃபங்ஷன் மேட்டுக்கு மேல இருக்குற லாக் புரொஃபைலை (சுவர்ல இருந்து தள்ளிப் போகப் போக வேகம் ஏறுற கர்வ்) கீழ இறக்கித்தான் ரஃப்னஸை காட்டும், செல் அங்க இல்லன்னா எதை இறக்கும்? சில சால்வர் (சிமுலேஷன் கணக்கு போடுற சாஃப்ட்வேர்) சத்தமில்லாம ரஃப்னஸை வெட்டிட்டு போயிடும். முதல் செல்லோட நடுப்புள்ளிய 0.3 மிமீக்கு தூக்கு.

நிபோங்_தெபால்_பையன்:
தூக்கிட்டேண்ணே, 1.07!! வேகத்தை 0.5க்கு குறைச்சும் ஓட்டணும், இதே செட்டிங் போதுமா?

கணக்கு_அக்கா:
அங்க கொஞ்சம் பாத்துக்கப்பா, முதல்ல மெஷ்ஷை திரும்ப செக் பண்ணு, வேகம் குறைஞ்சா ஒய் பிளஸ்ஸும் இறங்கிடும். சொரசொரப்பும் 6 ஒய் பிளஸ் கிட்ட வந்துடும். 5க்கு கீழ போனா மேடு பூரா சுவரை ஒட்டுன விஸ்கஸ் லேயருக்குள்ள ஒளிஞ்சுக்கும், 70க்கு மேலன்னா விஸ்காசிட்டிக்கு வேலையே இல்ல, நடுவுலதான் தகராறு. நிறைய சால்வர்ல இருக்குற ஃபார்முலா நிக்குராட்சேங்கிற ஆராய்ச்சியாளர் 1933ல ஒரே சைஸ் மணலை பைப்புல ஒட்டி எடுத்த டேட்டாவை வச்சது, அந்த மணல் எல்லாம் ஒண்ணா ஒளியும் ஒண்ணா வெளிய வரும். கடையில வாங்குற பைப்புல அங்கங்க பெரிய மேடு இருக்கும், அது முன்னாடியே தலைய நீட்டிடும், 1939ல கோல்புரூக் சொன்ன கர்வ் அதுக்குத்தான். அதனால மெதுவா ஓட்டுறப்ப சிமுலேஷன் லேபை விட கம்மியா காட்டும், ரிப்போர்ட்ல கோல்புரூக்கையும் பக்கத்துல போட்டுடு, வைவாவுல கேப்பாங்க.
இன்னொண்ணு, ரஃப்னஸ் மீட்டர்ல வர்ற ஆர்ஏவை (மேடுபள்ளத்தோட சராசரி அளவு) அப்படியே சால்வர்ல ரஃப்னஸ் கேக்குற கட்டத்துல போட்டுடாத, அது வேற, இது வேற.