அக்னாஸ்டிக் என்பவர் நாத்திகரா?

கேள்வி:
நான் மொழிபெயர்த்துவரும் ஆங்கிலக் கட்டுரையில் ஒருவர் தம்மை ‘அக்னாஸ்டிக்’ என்று சொல்லிக்கொள்கிறார். அடுத்த பத்தியிலேயே, தாம் ‘ஏத்தியிஸ்ட்’ அல்லர் என்றும் அழுத்திக் கூறுகிறார். நான் பார்த்த சிறிய அகராதியோ இரண்டு சொற்களுக்கும் நாத்திகர் என்றே பொருள் தருகிறது. போதாக்குறைக்கு, அதே கட்டுரையில் ஒரு மென்பொருளும் ‘அக்னாஸ்டிக்’ எனப்படுகிறது. மென்பொருளுக்கு ஏது கடவுள் நம்பிக்கை?

மறுமொழி 1:
அகராதியை நம்ப வேண்டாம். கடவுள் இல்லை என்று கொள்பவர் ஏத்தியிஸ்ட். கடவுள் உண்டா இல்லையா என்பதை அறிந்ததாகச் சொல்ல நமக்குப் போதிய ஆதாரம் இல்லை என்பவர் அக்னாஸ்டிக். இந்தச் சொல்லை 1869இல் உருவாக்கியவர், டார்வினின் கொள்கைக்காக மேடைதோறும் வாதாடிய உயிரியலாளர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. லண்டனில் அவர் உறுப்பினராக இருந்த மெய்யியல் கழகத்தில் எல்லோருக்கும் ஏதேனும் ஒரு கொள்கைப் பெயர் இருக்க, தாம் மட்டும் பெயரின்றி, வாலறுந்த நரியைப்போல் நின்றதாக அவரே பின்னாளில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். ஆதித் திருச்சபைக் காலத்தில் மறைஞானம் தமக்கு வாய்த்திருப்பதாக உரிமை கொண்டாடியவர்கள் ‘நாஸ்டிக்’ எனப்பட்டனர். அதற்கு எதிர்ச்சொல்லாக, இன்மையைக் குறிக்கும் கிரேக்க முன்னொட்டைச் சேர்த்து ஹக்ஸ்லி தம் பெயரை அமைத்துக்கொண்டார். 1889இல் எழுதிய கட்டுரையில், இது ஒரு சமயக் கோட்பாடு அன்று, ஒரு முறை என்கிறார்: நிறுவப்படாததையும் நிறுவ இயலாததையும் உறுதியெனச் சொல்லாதிருக்கும் முறை. ஆகவே ‘இன்னும் முடிவெடுக்காமல் தயங்குபவர்’ என்று மொழிபெயர்த்தாலும் பிழைதான்.

மறுமொழி 2:
மேலே உள்ள விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று விலக்கும் சொற்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. ஒன்று அறிவைப் பற்றியது, மற்றொன்று நம்பிக்கையைப் பற்றியது. உறுதியாக அறிய இயலாது என்று ஒப்புக்கொண்டே நம்புபவரும் உண்டு, நம்பாதவரும் உண்டு. பிரித்தானிய மெய்யியலாளர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1947இல் இதை நயமாகச் சொன்னார்: மெய்யியலாளர் அவையில் தம்மை அக்னாஸ்டிக் என்பாராம், ஏனெனில் கடவுள் இல்லை என்று முற்றாக நிறுவ இயலாது, தெருவில் செல்லும் சாதாரண மனிதரிடமோ ஏத்தியிஸ்ட் என்பாராம், ஏனெனில் பண்டைய கிரேக்கக் கவிஞர் ஹோமர் பாடிய தெய்வங்கள் இல்லை என்றும்தான் நிறுவ இயலாது, அதற்காக அவற்றை யாரும் நம்புவதில்லையல்லவா! உங்கள் கட்டுரையாளர் இரண்டையும் பிரித்தே ஆள்வதால், நீங்களும் பிரித்தே எழுதுங்கள்.

மறுமொழி 3:
மென்பொருள் பற்றி: கணினித் துறையில் இச்சொல், குறிப்பிட்ட ஒன்றைச் சாராதது என்று பொருள்படும். விண்டோஸ், லினக்ஸ் என எதில் இயங்கினாலும் வேறுபாடு காட்டாத நிரலை ‘பிளாட்ஃபார்ம் அக்னாஸ்டிக்’ என்பார்கள். அங்கே ‘இயங்குதளம் சாராத’ என்று எழுதுவதே போதும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மனிதரைக் குறிக்கும் இடத்தில் ‘ஐயவாதி’ என்று எழுதலாமா?

மறுமொழி 1:
அதை ‘ஸ்கெப்டிக்’ என்பதற்கு ஒதுக்கிவிடுங்கள். அவர் கடவுளை மட்டுமல்ல, எதையும் ஐயுறக்கூடியவர். ‘அறியவியலாமைக் கொள்கை’ என்ற வழக்கு ஏற்கெனவே உள்ளது. சற்று நீளந்தான், முதல் முறை அதை விளக்கமாகத் தந்துவிட்டு, பிறகு அக்னாஸ்டிக் என்றே எழுதிச் செல்லலாம்.