22-வது வாரம், பிரஷர் 92/58: பிள்ளை வளருமா?

மதுரைக்காரி:
தலைப்பிரசவம், 22 வாரம். நேற்று செக்கப்பில் பிரஷர் 92/58. டாக்டர், "இந்த மாசத்துல இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். மாமியாரோ ரத்த ஓட்டம் குறைந்தால் பிள்ளை வளராது என்று மூன்று வேளையும் உப்பு மோரை நீட்டுகிறார். காலையில் எழுந்தால் கண் இருட்டுகிறது. யார் சொல்வது சரி?

ஓய்வுபெற்ற_நர்ஸ்:
டாக்டர் சொன்னது சரிதான் அம்மா. கர்ப்பத்தில் சுரக்கும் புரொஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் ரத்தக்குழாய்களைத் தளர்த்திவிடும். உடம்பில் ரத்தம் 40 சதவீதத்துக்கு மேல் கூடியும் பிரஷர் இறங்குவது அதனால்தான். 20 முதல் 24 வாரத்துக்குள்தான் மிகவும் குறையும். கடைசி மாதங்களில் தானாகப் பழைய அளவுக்கு ஏறிவிடும்.

கணக்குப்பிள்ளை:
"இப்படித்தான் இருக்கும்" என்று கடந்துபோவதை நான் ஏற்கமாட்டேன். 2004-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. வடமேற்கு லண்டனில் 15 மருத்துவமனைகள், 2 லட்சத்துக்கும் அதிகமான தலைப்பிரசவங்கள். பிரஷரின் கீழ் எண் மிக அதிகமாக இருந்தவர்களுக்கு மட்டுமல்ல, மிகக் குறைவாக இருந்தவர்களுக்கும் குழந்தையின் எடை குறைந்திருந்தது. மோட்டாரில் அழுத்தம் இல்லாவிட்டால் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுமா?

ஓய்வுபெற்ற_நர்ஸ்:
தம்பி, குழாயே அகலமாகிவிட்டால்? கர்ப்பப்பைக்குப் போகும் குழாய்கள் இந்த மாதங்களில் நன்றாக விரிந்துகொடுக்கும். அழுத்தம் குறைந்தாலும் போகிற ரத்தம் குறையாது. இன்னொன்று, ஒல்லியான பெண்ணுக்குப் பிரஷரும் குறைவாக இருக்கும், பிள்ளையும் சிறிதாக இருக்கும். தாயின் உயரம், எடையெல்லாம் கணக்கில் எடுத்துப் பார்த்த ஆய்வுகளில் நீங்கள் சொல்லும் தொடர்பு பெரும்பாலும் கரைந்துபோகிறது.

கணக்குப்பிள்ளை:
"பெரும்பாலும்" என்று நீங்களே சொல்கிறீர்கள். மிச்சம் கொஞ்சம் இருக்கிறதே! கண் இருட்டுகிறது என்கிறார், அதையும் சும்மா விடுவதா?

இரண்டு_வாலுகளின்_அம்மா:
ஐயா, உங்கள் மோட்டார் சண்டைக்கு நடுவில் ஒரு வார்த்தை. எனக்கு 30-வது வாரத்தில் ஸ்கேன் கட்டிலில் மல்லாந்து படுத்தபோது வேர்த்து, மயக்கமே வந்துவிட்டது. நர்ஸ் இடப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்ததும் சரியானது. கர்ப்பப்பை பின்னால் இருக்கும் பெரிய சிரையை அமுக்கிவிடுமாம். மதுரைக்காரி, எழும்போது ஒருக்களித்து, கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து பாருங்கள்.

ஓய்வுபெற்ற_நர்ஸ்:
அதேதான். மோர் குடிக்கட்டும், தப்பில்லை. உப்பை மட்டும் மாமியார் அள்ளிப் போடவேண்டாம். பின்மாதங்களில் பிரஷர் ஏறுமா என்பதுதான் எங்களுக்கு எப்போதும் பெரிய கவலை. பிள்ளை வளர்கிறதா என்பதை டேப் வைத்து வயிற்றை அளந்தே ஓரளவு சொல்லிவிடலாம். 24 வாரத்துக்குப் பிறகு வாரக்கணக்கும் சென்டிமீட்டரும் ஏறக்குறைய ஒன்றாக வரும். இரண்டு மூன்று குறைந்தால் ஸ்கேன் பார்ப்பார்கள். மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு படபடப்பு, ரத்தப்போக்கு இருந்தாலோ மட்டும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

கணக்குப்பிள்ளை:
சரி, கேட்கவேண்டியதை யாரும் கேட்கவில்லை. ஹீமோகுளோபின் எவ்வளவு?

மதுரைக்காரி:
இப்போதுதான் அட்டையைப் பார்த்தேன். 9.2 என்று எழுதியிருக்கிறது. டாக்டர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே.

ஓய்வுபெற்ற_நர்ஸ்:
அட, இது முதலிலேயே நான் கேட்டிருக்கவேண்டியது, தம்பி முந்திக்கொண்டார். 11-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. பிள்ளையின் எடைக்கு உங்கள் 92/58-ஐவிட எனக்கு இதுதான் உறுத்துகிறது. கண் இருட்டுவதற்கும் இது காரணமாக இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரை போடுகிறீர்களா?

மதுரைக்காரி:
தினமும் போடுகிறேன் அக்கா. காலையில் காபியோடு.

ஓய்வுபெற்ற_நர்ஸ்:
காபியோடா! அது இரும்பைச் சேரவிடாதே. இரண்டுக்கும் நடுவில் ஒன்றிரண்டு மணி நேரமாவது விடுங்கள், மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு போடலாம். நாளைக்கே அட்டையோடு போய் 9.2-ஐக் காட்டிக் கேளுங்கள், வேறு மருந்து வேண்டுமா என்று அவர்கள் பார்க்கட்டும்.

கணக்குப்பிள்ளை:
அந்த மிச்சத்தை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் முதலில் காபி.