ஆவோஸ்தா பள்ளத்தாக்கின் ஒயின்கள்: மோர்ஜேயில் நான் சொன்ன ஒரு சொல்

முதல் பதிவு

இத்தாலியின் வடமேற்கு மூலையிலுள்ள ஆவோஸ்தா பள்ளத்தாக்கில், மோன் பிளாங்க் மலையடிவாரத்து ஊரான மோர்ஜேயின் வெள்ளை ஒயினை இங்கே பலரும் அறிவீர்கள் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். அறுவடைக்குச் சில நாட்கள் முன்பு, முதியவர் ஒருவர் பிரியே பிளாங்க் திராட்சையில் தாம் செய்த ஒயினை ஊற்றிக் கொடுத்தார். ஒரு வாய் அருந்திவிட்டு, "தண்ணீர் கலந்தது போல இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. இடுப்பளவே உயரமிருந்த பந்தலுக்கடியில் குனிந்து நுழைந்து, ஒரு கொடியின் அடிமண்ணைக் கையால் விலக்கி, தண்டு ஒட்டுக்கட்டிய தழும்பே இல்லாமல் நேராக வேரில் இறங்குவதைக் காட்டினார். கொடியின் வேரை அழிக்கும் ஃபிலாக்ஸெரா பூச்சி பரவிய பிறகு ஐரோப்பாவின் பெரும்பாலான கொடிகள் அமெரிக்க வேர்க்கட்டைகளின் மீது ஒட்டப்பட்டவை. ஏறத்தாழ 900 முதல் 1,200 மீட்டர் உயரத்திலுள்ள இந்தத் தோட்டங்களை அந்தப் பூச்சி எட்டவில்லை என்பதால், கொடிகள் இன்னும் சொந்த வேரிலேயே நிற்கின்றன. மண் ஒட்டிய விரல்களால் அவர் கோப்பையை மீண்டும் நீட்டியபோதுதான் பச்சை ஆப்பிளின் வாசமும் மூலிகை மணமும் கூரான புளிப்பும் எனக்குப் பிடிபட்டன. சொன்னதைத் திரும்பப் பெற எனக்கு அவருடைய மொழி போதவில்லை.

மறுமொழி 1

வேரைப் பார்த்ததால் சுவை கூடியது என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. கோப்பையின் குளிர்ச்சி சற்றுத் தணிந்ததால் மணம் எழுந்திருக்கும். எனக்கு உறுத்துவது அதே பள்ளத்தாக்கின் கீழ்முனையிலுள்ள தோன்னாஸ் ஊரின் சிவப்பு ஒயின். அங்கே நெபியோலோ திராட்சையைப் பிகோதெந்த்ரோ என்கிறார்கள். அதே திராட்சையில் செய்யும் பியெமோந்தே ஒயினான பரோலோவின் இறுகிய துவர்ப்பை எதிர்பார்த்துச் சென்ற எனக்கு மெல்லிய ஒயின்தான் கிடைத்தது.

இனிச் செல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பக்கத்து மாநிலமான பியெமோந்தேயிலிருந்து பள்ளத்தாக்கில் ஏறினால் முதலில் தோன்னாஸின் சிவப்பும் கடைசியில் மோர்ஜேயின் வெள்ளையும் எதிர்ப்படும்; அந்த வரிசையிலேயே சுவைத்தால், துவர்ப்பேறிய நாக்கில் வெள்ளை வெறும் நீராகவே தோன்றும். ஆகவே நேராக மேலே சென்று, வெள்ளையில் தொடங்கி, கீழே இறங்கி வாருங்கள். வெள்ளையைப் பனிக்கட்டியில் புதைக்காமல் சுமார் 10 டிகிரியில் அருந்துங்கள். சிவப்புக்கு 16 டிகிரி போதும். அந்த ஊர் ஃபோந்தீனா பாலாடைக்கட்டியை உடன் வைத்துக்கொண்டால் வெள்ளையின் புளிப்பு உறுத்தாது. சிவப்புக்கு முன்னால் ஒரு துண்டு ரொட்டி உண்டு நாக்கைத் தெளிவாக்கிக்கொள்வதும் நல்லது.

மறுமொழி 2

பரோலோவை அளவுகோலாகக் கொண்டு தோன்னாஸை அளந்தால் ஏமாற்றமே மிஞ்சும். மலைச்சரிவில் கல்லடுக்கிக் கட்டிய படிக்கட்டு வயல்களில், குளிர்ந்த காற்றில் பழுக்கும் திராட்சைக்கு அந்த மென்மைதான் இயல்பு. முதல் பதிவருக்கு நேர்ந்ததை நான் நம்புகிறேன்.

என் நினைவில் நிற்பது ஃபூமின் என்னும் சிவப்பு. முன்பு பெரும்பாலும் பிற ஒயின்களோடு கலப்பதற்கே பயன்பட்ட அந்தத் திராட்சையைத் தனியாகவே புட்டியில் அடைத்திருந்தார்கள். ஆவோஸ்தாவுக்கு அருகே ஒரு நிலவறையில் அதை ஊற்றினார்கள். மிளகும் புகையும் கலந்த மணம் மூக்கைத் தொட்ட அதே நேரத்தில் வெளியே பேருந்தின் ஒலி கேட்டது. ஒரு மிடறு மட்டும் அருந்திவிட்டு, மீதியை மேசையிலேயே வைத்துவிட்டு, புட்டியில் இருந்த பெயரைக்கூடக் குறித்துக்கொள்ளாமல் ஓடினேன்.