டின்டின் திரைப்படம்: எர்ஜேயின் கோடு எங்கே போனது?

பழைய அலமாரி:
ஸ்பீல்பெர்க் இயக்கி 2011இல் வெளியான டின்டின் படத்தை நேற்று மறுபடியும் பார்த்தேன். முதல் முறை எழுந்த மனக்குறை இம்முறையும் தீரவில்லை. எர்ஜே என்ற புனைபெயரில் வரைந்த ஜார்ஜ் ரெமி, 1929 ஜனவரியில் பிரஸ்ஸல்ஸ் நாளிதழ் ஒன்றின் சிறுவர் இணைப்பில் தொடங்கிய, இளம் செய்தியாளன் டின்டினின் சாகசங்களைச் சொல்லும் அந்தச் சித்திரக்கதையின் உயிர், ஒரே கனத்தில் ஓடும் கறுப்புக் கோட்டிலும் நிழல் விழாத வண்ணத்திலும் இருக்கிறது. டின்டினுக்குக் கண்கள் என்று இருப்பவை இரண்டு புள்ளிகள் மட்டுமே. அந்த முகத்தில் எதுவும் எழுதப்படாததால்தான் பத்து வயதில் நான் அதற்குள் எளிதாகப் புகுந்துகொண்டேன். படமோ நடிகர்களின் உடலசைவைப் பதிவு செய்து, அதன் மேல் தோலின் துளைகளையும் ஈரம் மின்னும் கண்களையும் போர்த்தியிருக்கிறது. திரையில் ஓடுபவன் யாரோ ஒரு இளைஞன், நான் அல்ல. 1991இல் வந்த பிரெஞ்சு, கனடியக் கூட்டுத் தயாரிப்பான தொலைக்காட்சித் தொடர் எளிமையானதுதான் என்றாலும், கோட்டைக் கைவிடவில்லை.

நீள்காட்சி:
நண்பரே, அந்தத் தொடரின் 39 பகுதிகளையும் நானும் பார்த்திருக்கிறேன். புத்தகத்தின் கட்டங்களை வரிசையாக நகர்த்திக் காட்டியதைத் தவிர அது பெரிதாக எதையும் செய்யவில்லை என்பது என் கருத்து. எர்ஜே தம் கோட்டைக் கல்வெட்டாக நினைத்தவரும் அல்லர். பிரிட்டிஷ் பதிப்பாளர் பிழைகளைப் பட்டியலிட்டு அனுப்பியபோது, உதவியாளரை அந்நாட்டுக்கு அனுப்பிக் குறிப்பெடுக்கச் செய்து, 'கறுப்புத் தீவு' கதையை 1966 பதிப்புக்காக முழுவதும் புதிதாக வரைந்து கொடுத்தார்.

படத்தில் வரும் பாகார் துறைமுகத் துரத்தலையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அணை உடைந்து தெருக்கள் வழியே வெள்ளம் பாய, மோட்டார் சைக்கிளில் டின்டினும் அவன் நண்பரான கப்பல் தலைவர் ஹாடக்கும் புதையல் குறிப்பு அடங்கிய காகிதச் சுருள்களைத் துரத்திக்கொண்டு இறங்கும் அந்தக் காட்சி, வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டமாக நீள்கிறது. கட்டம் கட்டமாகப் படித்தபோது இடைவெளிகளில் நம் மனம் ஓட்டிப் பார்த்த வேகம்தான் அது. ஸ்பீல்பெர்க் முதலில் உண்மையான நடிகர்களை வைத்தே எடுக்க எண்ணியிருந்தார் என்பதையும் மறக்க வேண்டாம்; அப்படி நடந்திருந்தால் உங்கள் வருத்தம் இன்னும் பெரிதாக இருந்திருக்கும்.

மூன்றாம் தாள்:
நீங்கள் இருவரும் தோலைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குக் கதைதான் உறுத்துகிறது. 'யூனிகார்ன் கப்பலின் இரகசியம்' 1942-43இல், ஜெர்மன் ஆக்கிரமிப்பின் கீழிருந்த பெல்ஜியத்தில், லெ சுவார் நாளிதழில் அன்றாடம் ஒரு பட்டையாக வந்தது. அதில் சாக்கரைன் கப்பல் மாதிரிகளைச் சேகரிக்கும் அப்பாவி. குற்றவாளிகள் பேர்ட் சகோதரர்கள் என்னும் பழம்பொருள் வணிகர்கள். பேராசையைத் தவிர அவர்களுக்கு வேறு நோக்கம் கிடையாது. படத்தில் அதே சாக்கரைன், கடற்கொள்ளையன் ரெட் ராக்கமின் வழித்தோன்றலாகி, தலைமுறைப் பகையைத் தீர்க்க வந்த வில்லனாகிவிட்டார். துறைமுகப் பாரந்தூக்கிகளை வாள்களாக்கி ஹாடக்குடன் சண்டையும் போடுகிறார். புதையலைத் தேடும் அடுத்த நூலிலோ வில்லன் என்று சொல்லும்படி ஏறத்தாழ யாருமே இல்லை. கடலுக்கடியில் எவ்வளவோ துழாவியும் கிடைக்காத புதையல், கடைசியில் வீட்டு நிலவறையிலேயே இருக்கிறது. அந்த நகைச்சுவையைக் கட்டிக்காக்கும் பேராசிரியர் கால்குலஸ் படத்தில் தலைகூடக் காட்டவில்லை. அவருடைய சுறா வடிவ நீர்மூழ்கி இல்லாமல் அந்தப் புதையல் எனக்கு ருசிக்காது.

நீள்காட்சி:
கால்குலஸ் இல்லாதது குறைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று நூல்களை ஒரே படமாக்கும்போது யாராவது வெளியே நிற்கத்தான் வேண்டும். 'தங்க நகக் கொடுக்கு நண்டு' கதையையும் சேர்த்ததால்தான் டின்டினும் ஹாடக்கும் முதன்முதலில் சந்திப்பதைக் காட்ட முடிந்தது. புத்தகத்தில் தன் அறையில் வாளைச் சுழற்றி மூதாதையின் கதையை நடித்துக் காட்டும் ஹாடக், படத்தில் பாலைவனத்தில் அதைச் சொல்கிறார். மணற்குன்று அலையாகிறது, அதன் மேல் யூனிகார்ன் கப்பல் எழுந்து வருகிறது. கட்டத்துக்குக் கட்டம் ஹாடக்கும் அவர் மூதாதை சர் ஃபிரான்சிஸும் மாறிமாறி வருவதன் பொருளை இதைவிட நன்றாக எவர் திரையில் சொல்லியிருப்பார்?

பழைய அலமாரி:
காட்சி அழகானது என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. எனினும் அந்த அறை சிறியதாக இருப்பதில்தான் சிரிப்பே இருக்கிறது. நாற்காலிகள் உருள்கின்றன, டின்டின் திகைத்துப்போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறான், ஹாடக்கின் தலை மூதாதையின் ஓவியத்தையே கிழித்துக்கொண்டு வெளிவருகிறது. உண்மையான கடலைக் கொண்டுவந்து கொட்டிவிட்டால், இல்லாத கடலை நம் முன் நிறுத்தப் படாதபாடுபடும் அந்த மனிதர் காணாமல் போய்விடுகிறார்.

மூன்றாம் தாள்:
இந்த இடத்தில் அலமாரி சொல்வதே சரி. ஓவியம் கிழியும் அந்தக் கட்டத்துக்காகவே நான் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டியிருக்கிறேன்.

நீள்காட்சி:
அப்படியானால் படத்தின் தொடக்கத்தை என்ன சொல்வீர்கள்? சந்தையில் டின்டினை வரையும் தெரு ஓவியருக்கு எர்ஜேயின் முகத்தையே கொடுத்திருக்கிறார்கள். அவர் நீட்டும் தாளில் இருப்பது, உங்கள் இரண்டு புள்ளிக் கண்களுடன் கூடிய அதே முகம்.

பழைய அலமாரி:
அந்தத் தாளைத்தான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். கேமரா அதைக் காட்டிவிட்டு டின்டினின் பக்கம் திரும்பிவிட்டது. நான் இன்னும் சிறிது நேரம் தாளிலேயே இருந்திருப்பேன்.