பிரிட்டனில் பழைய கார்: வாங்கும் நாள் முதல் கைவிடும் நாள் வரை

பிரிட்டனுக்குப் புதிதாக வந்த தம்பி தங்கைகள் பலரும் முதலில் கேட்பது, எண்ணூறோ ஆயிரமோ பவுண்டுக்கு ஒரு பழைய கார் எங்கே கிடைக்கும் என்றுதான். கார் கிடைக்கும். அதன் பதிவு, புகை, கடைசியில் அதைக் கழிப்பது பற்றிய விதிகளைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

நம் ஊரில் போல இங்கே பெரும்பாலும் யாரும் கை காட்டி நிறுத்த மாட்டார்கள். கேமரா உங்கள் நம்பர் பிளேட்டைப் படிக்கும், கணினி டிவிஎல்ஏ, அதாவது வாகனங்களையும் லைசென்ஸ்களையும் பதிவு செய்யும் அரசு அமைப்பின் பதிவேட்டில் தேடும், வீட்டுக்குக் கடிதம் வரும். அந்தக் கடிதம் போய்ச் சேரும் முகவரி, காரின் பதிவுச் சான்றான வி5சி தாளில், அதாவது லாக் புக்கில் இருக்கும் முகவரி. ஈஸ்ட் ஹாமில் ஓர் அறை, ஆறு மாதம் கழித்து இல்ஃபோர்டில் இன்னோர் அறை என்று மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு ஆபத்து இதில்தான் இருக்கிறது. லைசென்ஸில் முகவரியை மாற்றினால் லாக் புக்கிலும் மாறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். மாறாது. இரண்டையும் தனித்தனியாக மாற்ற வேண்டும். இரண்டுக்கும் கட்டணம் இல்லை, மாற்றாமல் விட்டால் ஆயிரம் பவுண்டு வரை அபராதம்.

அபராதத்தைவிடப் பெரிய தொல்லை வேறு. உள்ளூர் கவுன்சில் போடும் பார்க்கிங் அபராத டிக்கெட்டை 14 நாளுக்குள் கட்டினால் பாதிதான். கடிதம் பழைய வீட்டுக்குப் போய்க் கிடந்தால் முழுத்தொகை ஆகும், பிறகு அதன் மேல் இன்னும் பாதி சேரும், அப்புறம் நார்தாம்ப்டனில் இருக்கும் போக்குவரத்து அமலாக்க மையத்தில் கடனாகப் பதிவாகும், கடைசியில் வசூலிக்க பெய்லிஃப், அதாவது கடன் வசூலிக்கும் அமலாக்க அதிகாரி வருவார். இந்த நிலைக்கு வந்துவிட்டாலும் பயந்து போய் முழுவதையும் கட்டிவிடாதீர்கள். முதல் கடிதமே உண்மையில் கைக்கு வரவில்லை என்றால், அதை எழுத்தில் உறுதி செய்து அந்த மையத்துக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. ஏற்றுக்கொண்டால் வழக்கு பழைய கட்டத்துக்குத் திரும்பும்.

சரி, வாங்கும் விஷயத்துக்கு வருவோம். லண்டனில் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது யூலெஸ், அதாவது புகை அதிகம் விடும் வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் பகுதி. 2019 ஏப்ரலில் நகர மையத்தில் மட்டும் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களும், அதாவது நகரின் எல்லா உள்ளாட்சிப் பகுதிகளும், அதற்குள் வந்துவிட்டன. வெம்பிளி, ஹாரோ, டூட்டிங், கிராய்டன், ஹவுன்ஸ்லோ என்று நம்மவர்கள் வாழும் இடங்கள் எல்லாமே உள்ளேதான். தகுதி இல்லாத காரை ஓட்டினால் நாளுக்கு 12.50 பவுண்டு. கிறிஸ்துமஸ் அன்று மட்டும் விலக்கு. ஒரு நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. இரவு ஷிப்ட் முடித்து பன்னிரண்டு மணியைத் தாண்டி வீடு திரும்புகிறவர்கள் இரண்டு நாள் கணக்கில் கட்ட வேண்டி வரும். வேலைக்குத் தினமும் எடுத்துப் போனால் மலிவாக வாங்கிய காரின் விலையைச் சில மாதங்களிலேயே கட்டணம் தாண்டிவிடும். ஓட்டாமல் நிறுத்தி வைத்திருக்கும் நாளுக்குக் கட்டணம் இல்லை.

பெட்ரோல் கார் என்றால் யூரோ 4, டீசல் என்றால் யூரோ 6 என்ற ஐரோப்பியப் புகைத் தரம் வேண்டும். நம்பர் பிளேட்டைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம். நடுவில் வரும் இரண்டு இலக்கம் காரின் வயதைச் சொல்லும். 06 என்றால் 2006 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை, 65 என்றால் 2015 செப்டம்பர் முதல் 2016 பிப்ரவரி வரை பதிவானது. பொதுவாக 06-க்குப் பிந்தைய பெட்ரோலும் 65-க்குப் பிந்தைய டீசலும் தேறிவிடும். ஊகத்தை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம், லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் எண்ணைப் போட்டால் உடனே பதில் வரும். சந்தையில் 2012, 2013 டீசல் கார்கள் ஏன் இவ்வளவு மலிவு என்பதற்கும் இதுவே பெரிய காரணம். புதிதாக வருகிறவர்களின் தலையில் அவற்றைக் கட்டுகிறார்கள் என்பது எனக்கு வருத்தமான விஷயம்.

கட்டணம் கட்டப் போகும்போது தேடுபொறியில் முதலில் வரும் தளத்தைத் திறக்காதீர்கள். அதிகாரபூர்வமானது போலத் தோற்றம் காட்டி, கூடுதல் பணம் பிடிக்கும் தளங்கள் நிறைய. ஓட்டிய நாளுக்குப் பின் மூன்றாம் நாள் நள்ளிரவுக்குள் கட்டலாம். தவறினால் 180 பவுண்டு, 14 நாளுக்குள் கட்டினால் 90.

லண்டனுக்கு வெளியே இருப்பவர்களும் பார்த்துக்கொள்ளுங்கள். பர்மிங்காம் நகர மையத்தில் தகுதியற்ற காருக்கு நாளுக்கு 8 பவுண்டு. கிளாஸ்கோவில் காசு கட்டி நுழையும் வழியே கிடையாது. தகுதியற்ற கார் மையப் பகுதிக்குள் போனால் நேராக அபராதம், திரும்பத் திரும்பப் போனால் தொகை ஒரு வரம்பு வரை இரட்டிப்பாகிக்கொண்டே போகும்.

அடுத்தது எம்ஓடி, அதாவது கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் சோதனை. கார் மூன்று வயதைத் தாண்டியதும் ஆண்டுதோறும் இந்தச் சோதனை. அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டு. வாங்குவதற்கு முன் காரின் எம்ஓடி வரலாற்றை அரசுத் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். இதை அவசியம் படியுங்கள், விற்பவரின் பேச்சைவிட அது நம்பகமானது. ஒவ்வொரு ஆண்டும் ஓடிய மைல், எதில் தோற்றது, எதை விரைவில் சரிசெய்யச் சொன்னார்கள் எல்லாம் இருக்கும். மைல் கணக்கு ஓர் ஆண்டில் குறைந்திருந்தால் விலகி வந்துவிடுங்கள். துரு பற்றிய குறிப்பு ஆண்டுக்கு ஆண்டு தொடர்ந்தாலும் அப்படியே. டீசல் கார் என்றால் புகைத்துகள் வடிகட்டியைக் கழற்றி எறிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். தொழிற்சாலையில் பொருத்திய வடிகட்டி இல்லையென்றால் எம்ஓடியில் தேறாது, புதிது மாட்டும் செலவு பழைய காரின் விலையையே தாண்டக்கூடும்.

2014 அக்டோபர் முதல் சாலை வரி காரோடு சேர்ந்து புதியவருக்கு வராது. விற்றவருக்கு மீதி முழு மாதங்களின் வரி திரும்பப் போய்விடும், நீங்கள் புதிதாகக் கட்ட வேண்டும். லாக் புக்கிலிருந்து கிழித்துத் தரும் பச்சைச் சீட்டில் இருக்கும் 12 இலக்க எண்ணை வைத்து, விற்பவர் வீட்டு வாசலில் நின்றே போனில் கட்டிவிடலாம். இன்சூரன்ஸையும் அங்கேயே எடுத்துவிட்டு அதன் பிறகு சாவியைத் திருப்புங்கள். விலை குறையும் என்று மாமா பெயரில் எடுத்து, தினமும் நீங்கள் ஓட்டுவது மோசடிக் கணக்கில் சேரும். விபத்து நடந்தால் காப்பீடு கை விரித்துவிடும்.

யாழ்ப்பாணமோ மதுரையோ, ஊருக்கு இரண்டு மூன்று மாதம் போகிறீர்கள் என்றால், காரை ஓட்டவில்லை என்பதால் வரியும் இன்சூரன்ஸும் நின்றுவிடாது. நிறுத்த வேண்டுமானால் சோர்ன் போட வேண்டும், அதாவது கார் சாலையில் இல்லை என்று டிவிஎல்ஏவுக்கு அறிவிக்க வேண்டும். இலவசம்தான். ஆனால் வீட்டு முற்றம், கராஜ் போன்ற தனியார் இடத்தில் நிறுத்தினால் மட்டுமே செல்லும். தெருவில் ரெசிடென்ட் பார்க்கிங் பர்மிட் இருந்தாலும் அது பொதுச் சாலைதான், சோர்ன் போட்ட காரை அங்கே வைக்கக் கூடாது. தெருவில்தான் இடம் என்றால் வரி, இன்சூரன்ஸ் இரண்டும் ஓடட்டும். எம்ஓடியும் நீங்கள் இல்லாத நாட்களில் முடியாதபடி, கிளம்புவதற்கு முன்பே செய்துவிடுங்கள். முடியும் தேதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னரே செய்தாலும் அடுத்த ஆண்டின் தேதி மாறாது.

படிப்பு முடிந்து, விசா முடிந்து ஊர் திரும்புகிறவர்கள் சிலர் காரைத் தெருவிலேயே விட்டுவிட்டு விமானம் ஏறுகிறார்கள். இதை மட்டும் செய்யாதீர்கள். டயர் காற்று இறங்கி, வரி முடிந்து, குப்பை சேர்ந்த கார் ஒன்று பல வாரம் அசையாமல் நின்றால் பக்கத்து வீட்டுக்காரர் கவுன்சிலுக்குச் சொல்லிவிடுவார். 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி வண்டியைக் கைவிடுவது குற்றம். கவுன்சில் நேரடியாக 200 பவுண்டு அபராதம் விதிக்கலாம். நீதிமன்றம் போனால் 2,500 பவுண்டு வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறைகூட உண்டு. வரி இல்லாத காரை டிவிஎல்ஏ தனியாகப் பூட்டுப் போட்டுத் தூக்கிச் செல்லும். பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கும்வரை கடிதங்கள் உங்கள் பெயருக்குத்தான். நாளை வேலை விசாவில் திரும்பி வர நினைப்பவர்களுக்கு, கட்டாத கடன் ஒன்று இங்கே காத்திருக்கலாம். நண்பனிடம் சாவியைக் கொடுத்து ‘நீ பார்த்துக்கொள்’ என்பதும் போதாது. லாக் புக்கின் 11 இலக்க எண்ணை வைத்து ஆன்லைனில் அவன் பெயருக்கு மாற்றிவிட்டு, உறுதி செய்யும் மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள்.

ஓடாத கார் என்றால் அங்கீகாரம் பெற்ற உடைக்கும் நிலையத்துக்குக் கொடுங்கள். கார் உடைக்கப்பட்டதற்கான அழிப்புச் சான்றிதழ் தருவார்கள். பணம் வங்கி வழியாகவோ காசோலையாகவோதான் தர வேண்டும், ரொக்கம் நீட்டுகிறவர் சட்டப்படி நடப்பவர் இல்லை. லாக் புக்கை அவர்களிடம் கொடுக்கும்போது மஞ்சள் பகுதியைக் கிழித்து வைத்துக்கொண்டு, டிவிஎல்ஏவுக்கு நீங்களே தெரிவியுங்கள். மீதி வரி திரும்ப வரும். அதன் பிறகு இன்சூரன்ஸ், பார்க்கிங் பர்மிட் இரண்டையும் ரத்து செய்யுங்கள். காரை விற்றிருந்தால், யூலெஸ் கட்டணத்தைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் ஆட்டோ பே கணக்கிலிருந்தும் அதன் எண்ணை நீக்க வேண்டும். இல்லையென்றால் வாங்கியவர் ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும் உங்கள் கார்டிலிருந்து பணம் போகும்.