மறுமொழி: ‘டிஸ்கிரெஷனரி’ செலவு – ‘பொறுசெலவு’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம். காசு குறைந்தால் தள்ளிப்போடக்கூடிய செலவை ஆங்கிலத்தில் ‘டிஸ்கிரெஷனரி’ செலவு என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘பொறுசெலவு’ எனலாமா என்று கேட்டிருந்தேன். வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> ‘விருப்பச் செலவு’ என்றே வைத்துக்கொள்ளலாமே. எளிதாகப் புரிகிறது.

புரிகிறது ஐயா, ஆனால் தப்பாகப் புரிகிறது. ‘ஆடம்பரச் செலவு’ அதைவிட மோசம். பழுதான ஃபிரிட்ஜை மாற்றுவது ஆடம்பரமா?

பங்குச்சந்தைக்காரர்கள் எப்படிப் பிரிக்கிறார்கள் என்று பாருங்கள். பங்குக் குறியீடுகளைத் தயாரிக்கும் எம்.எஸ்.சி.ஐ.யும் எஸ் அண்ட் பி-யும் 1999-இல் உருவாக்கிய துறைப் பகுப்பில் கார், துணிமணி, ஓட்டல் எல்லாம் ‘டிஸ்கிரெஷனரி’ பக்கம். உணவு, சோப்பு மறுபக்கம். அந்த மறுபக்கத்தில்தான் சிகரெட்டும் இருக்கிறது! அதை அத்தியாவசியம் என்று டாக்டர் யாரும் எழுதித்தர மாட்டார். ஆனால் காசு குறைந்தாலும் புகைப்பவர் அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவதில்லை. ஆக, விருப்பமா தேவையா என்பதல்ல கேள்வி. தள்ளிப்போட முடியுமா என்பதுதான்.

2022 கோடையில் அமெரிக்காவில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. ஜூனில் பணவீக்கம் 9.1 விழுக்காடு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நுகர்வோர் மனநிலைக் குறியீடு 50-க்கு இறங்கியது. ஜூலை 25 அன்று வால்மார்ட், லாபம் குறையும் என்று அறிவித்தது. மக்கள் கடைக்கு வராமல் இல்லை. மளிகை விலை ஏறியதில் பர்ஸ் அங்கேயே காலியானது. துணிகள் தேங்கின, விலையைக் குறைத்துத் தள்ள வேண்டியதாயிற்று. மறுநாள் பங்கு 7 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. அந்தத் துணியை ‘விரும்பாமல்’ போனவர் எத்தனை பேர்?

> ‘ஒத்திச் செலவு’ எப்படி?

மதுரைப் பக்கம் வந்து சொல்லிப் பாருங்கள், வீடு ஒத்திக்கு எடுத்த செலவா என்று கேட்பார்கள். ‘தள்ளுசெலவு’ம் யோசித்தேன். தள்ளுபடிக் கடை நினைவுக்கு வந்துவிடுகிறது.

நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? “கொஞ்சம் பொறு, தீபாவளிக்குப் பார்க்கலாம்.” அதிலிருந்துதான் பொறுசெலவு. ஊறுகாய், குடிநீர் போல வினைத்தொகை, ஒற்று மிகாது. எதிர்ச்சொல்லும் கூடவே கிடைக்கிறது: பொறுக்காத செலவு, பொறாச்செலவு. மளிகை, வாடகை, மருந்து, ஏன், சிகரெட்டும் அதில் அடங்கும். ‘விருப்ப’த்துக்கு இப்படி ஓர் இணை கிடைக்காது.

செய்தியில் வைத்துப் பார்த்தேன்: “சந்தை எப்படிப் போகும் என்று தெரியாததால் குடும்பங்கள் பொறுசெலவைச் சுருக்கின, பொறாச்செலவு குறையவில்லை.” காதுக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. ‘பொறுப்பான செலவு’ என்று சிலர் படிக்கக்கூடும். ‘பொறா’ என்றதும் பொறாமை எட்டிப்பார்க்கும். முதலாவதுதான் எனக்குக் கவலை, இரண்டாவது பழகிவிடும்.

> அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் வரும் ‘டிஸ்கிரெஷனரி’க்கும் இதுவேதானா?

இல்லை. அமெரிக்காவில் அது நாடாளுமன்றம் ஆண்டுதோறும் ஒதுக்கும் பணம். ராணுவச் செலவே பெரும்பாலும் அதில்தான் வருகிறது. அங்கே ‘விருப்புரிமைச் செலவு’ இருக்கட்டும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டாம்.

அப்புறம், செலவுக்குச் சொல் கிடைத்தாலும், அப்படித் தள்ளிப்போட்டு வாங்கும் பொருளுக்குச் சொல் கிடைக்காமல் மாட்டிக்கொண்டேன். ‘பொறுபொருள்’ என்று மூன்று முறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.