காவலூர் தொலைநோக்கியில் புற ஊதா வானம் தெரியுமா?

ஆலங்காயத்தான்:
போன சனிக்கிழமை அக்கா பையனைக் கூட்டிக்கொண்டு காவலூர் போயிருந்தேன். வரிசையில் நின்ற ஒருத்தர், புற ஊதாவில் பார்த்தால் வானம் எங்கேயும் முழுக் கறுப்பு கிடையாது, லேசாக ஒளிர்ந்துகொண்டே இருக்கும் என்று சொல்லிவிட்டார். அப்போது பிடித்தவன் இன்னும் விடவில்லை: நட்சத்திரமே இல்லாத இடத்தில் ஏது வெளிச்சம், அங்கே இருக்கிற 2.3 மீட்டர் தொலைநோக்கியில் அது தெரியுமா என்று.

ஏலகிரி_ராத்திரி:
தெரியாது. அலைநீளம் 300 நானோமீட்டருக்குக் கீழே இருக்கிற ஒளியைக் காற்றில் உள்ள ஓசோன் விழுங்கிவிடும், ஜவ்வாது மலையில் 23 மீட்டர் கண்ணாடி வைத்தாலும் இதே கதைதான். 2003இல் நாசா அனுப்பிய கேலெக்ஸ், 2015இல் நம்ம அஸ்ட்ரோசாட் என்று புற ஊதா பார்க்கும் விண்வெளித் தொலைநோக்கிகள் எல்லாம் மேலே போனது அதனால்தான்.

பாலாற்றங்கரை:
வெளிச்சம் தூசியில் இருந்து வருகிறது தம்பி. ராத்திரி மண் ரோட்டில் வளைவுக்கு அந்தப் பக்கம் லாரி வரும்போது பார்த்திருப்பாய், லாரி கண்ணில் படாது, புழுதி மட்டும் பளிச்சென்று இருக்கும். நட்சத்திரங்களுக்கு நடுவே கிடக்கும் தூசியும் அப்படித்தான், சூடான நீல நட்சத்திரங்களின் புற ஊதா ஒளியைச் சிதறடிக்கிறது. சித்திரை நட்சத்திரம், அதாவது ஸ்பைகா, சூரியனைவிட நான்கு மடங்குக்கு மேல் சூடு. அதைச் சுற்றி அப்படி ஒரு ஒளிவட்டம் இருப்பதை கேலெக்ஸ் தரவில் பெங்களூர் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்து ஜெயந்த் மூர்த்தியும் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஹென்றியும் காட்டினார்கள். காவலூரை நடத்துவதும் அதே நிறுவனம்தான்.

ஆலங்காயத்தான்:
சரி அண்ணா, அப்போது தூசி குறைவான பக்கம் இருட்டாக இருக்கணுமே?

பாலாற்றங்கரை:
சிக்கலே அங்கேதான்! பால்வீதியின் தளத்தை விட்டு நேர் மேலே, துருவத்துப் பக்கம், தூசியும் குறைவு, சூடான நட்சத்திரங்களும் குறைவு, ஆனாலும் ஒளி பூஜ்யத்துக்கு இறங்கவில்லை. தூரத்து கேலக்ஸிகளின் பங்கைக் கழித்தாலும் மிச்சம் நிற்கிறது. பூமியின் மேல்காற்று மினுக்குவதுதான் காரணமோ என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு, ஆனால் புளூட்டோவையும் தாண்டிப் போன நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அளந்தபோதும் மிச்சம் போகவில்லை. அது எங்கிருந்து வருகிறது என்பதற்கு எல்லாரும் ஒத்துக்கொண்ட பதில் இன்னும் இல்லை, பையனிடம் அப்படியே சொல்லிவிடு.

ஏலகிரி_ராத்திரி:
சித்ரா பௌர்ணமி அன்றைக்கு மாடிக்குக் கூட்டிப் போ, நிலாவுக்குப் பக்கத்தில் எங்கேயாவது நீலம் கலந்த வெள்ளையாக நிற்கும், அதுதான் ஸ்பைகா. ஒளிவட்டம் எங்கே என்று கேட்பான், ஓசோன் பஞ்சாயத்தை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.